அக்ரிமென்ட் மட்டும் போட்டு இடத்தை வேறு ஆளுக்குக் கைமாற்றி லாபம் பார்ப்பது சட்டப்படி சரியா? நியாயமா?

கையில் இரண்டு மூன்று லட்சம் இருக்கும், யாரோ ஒருவர் வீடியோவில் ஆசை காட்டியிருப்பார், அதனால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சட்டம் தடுக்கவில்லை. "தங்களுக்கோ தாங்கள் கோரும் நபருக்கோ கிரயம் செய்து தருகிறேன்" என்று ஒரு வரி அக்ரிமென்டில் இருந்தால் போதும். ஆனால் தமிழ்நாட்டில் 2012 பதிவுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த அக்ரிமென்டையும் பதிவு செய்தாக வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. இதை எந்தப் புரோக்கரும் சொல்ல மாட்டார்.

நியாயமா என்று கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி பக்கம் கடலை ஒட்டி எங்கள் சித்தப்பாவுக்குப் பனங்காடு இருந்தது. ஒருவர் வந்து, "மகளுக்கு ஒரு வீடு கட்டணும் மாமா, எனக்கே வேணும்" என்று கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டார், அப்புறம் கையெழுத்துக்கு அலைய வேண்டாமே என்று பவரும், அதாவது சித்தப்பா சார்பில் அவரே கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரமும், எழுதி வாங்கிக்கொண்டார். சித்தப்பாவிடம் ஏக்கர் கணக்கில் விலை பேசியவர், மதுரைக்காரர் ஒருவருக்குச் சென்ட் கணக்கில் விற்றார். பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரியும்.

பேசிய பணம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன வயிற்றெரிச்சல் என்று கமென்டில் வருவீர்கள். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. புரோக்கர் சம்பாதிக்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. மகளுக்கு வீடு என்ற பொய் எதற்கு? வாங்கியவரிடமாவது உண்மையைச் சொன்னாரா? மக்கள் நெருக்கமில்லாத கிராமத்துக் கரையில், உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் பங்களா கட்ட விடமாட்டார்கள். அவரிடம் 'பீச் வியூ' என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்.

நீங்கள் இறங்குவதாக இருந்தால், ஆள் பிடித்துத் தருகிறேன், எனக்கு இவ்வளவு வேண்டும் என்று விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் பவரைக் காட்டி இடத்தைத் தள்ளிவிடாதீர்கள். பவரால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது, எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பெரும்பாலும் பவரும் போச்சு.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வீடு கட்ட முடியாத அந்த மதுரைக்காரர் சுற்றிலும் கம்பி வேலி போட்டுவிட்டார். கரைவலை இழுக்கிறவர்கள் காலங்காலமாகப் போன வழி அதற்குள் மாட்டிக்கொண்டது. மனு கொடுத்தால், பட்டா நிலம், அவர் இஷ்டம் என்று முடித்துவிட்டார்கள். இப்போது வலையைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போகிறார்கள். இதற்கு எந்தச் சட்டத்தில் கேட்பது என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.