லினக்ஸில் திரை வரவில்லையா? கொஞ்சம் பொறுங்கள், ஃபார்மேட் செய்ய வேண்டாம்

லினக்ஸில் டெஸ்க்டாப் திரை வராமல் போவது பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அதற்கு முன் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். திரை கறுத்துவிட்டது என்றதும் பென்டிரைவைத் தேடி ஓடாதீர்கள். படம் காட்டும் பகுதி மட்டும் விழுந்திருக்கும். அடியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் உங்கள் கோப்புகளும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் விசையும் சேர வேண்டும். வெறும் எழுத்துத் திரை வந்து லாகின் கேட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அங்கே பாஸ்வேர்டு தட்டும்போது புள்ளிகூடத் தெரியாது, பயப்படாமல் தட்டி என்டர் கொடுங்கள்.

கேள்வி: அண்ணா, லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். பாஸ்வேர்டு போட்டதும் ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடி லாகின் திரைக்கே வருகிறது. தப்பாகப் போட்டால் மட்டும் தப்பு என்று சொல்கிறது.

பதில்: தம்பி, நீங்கள் கவனித்துச் சொன்ன அந்தக் கடைசி வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டுவிட்டது, அதற்குப் பிறகு உங்கள் செஷன், அதாவது உங்கள் பெயரில் திறக்க வேண்டிய டெஸ்க்டாப், எழ முடியாமல் விழுகிறது.

எழுத்துத் திரையில் நுழைந்து முதலில், வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்துப் பாருங்கள். சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் 100% நிரம்பியதாகக் காட்டினால் அதுதான் காரணம். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக 5% இடத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும். அதனால் ரூட் பெயரில் ஓடும் சேவைகள் எல்லாம் எழுந்துவிடும், லாகின் திரையும் வரும். உங்கள் பெயரில் ஒரு சின்னக் கோப்பு எழுதத்தான் இடம் இருக்காது. மின்டில் பெரும்பாலும் டைம்ஷிஃப்ட் எடுத்துவைக்கும் சிஸ்டம் நகல்களான ஸ்னாப்ஷாட்கள்தான் இடத்தைத் தின்றிருக்கும், பழையவற்றை அழியுங்கள். இறக்கிவைத்த நிறுவல் கோப்புகளை நீக்க ஆப்ட் கிளீன் கட்டளை கொடுங்கள். சிஸ்டம் எழுதிவைக்கும் ஜர்னல் பதிவுகளை 200 எம்பிக்குச் சுருக்குங்கள்.

இடம் தாராளமாக இருக்கிறதா? அப்படியானால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கோப்புகளோடு பட்டியல் எடுத்து, வரைகலைத் திரையைத் திறக்க அனுமதி தரும் எக்ஸ்அதாரிட்டி என்ற கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். என் அக்கா மகன் கணினியில் இதே தொல்லை வந்தபோது, அந்த ஒரு வரியில் மட்டும் அவன் பெயருக்குப் பதில் ரூட் என்று இருந்தது. ரூட் அதிகாரம் தரும் சூடோ போட்டு ஏதோ ஒரு வரைகலைச் செயலியைத் திறந்திருக்கிறான். சௌன் கட்டளையால் உரிமையை அவன் பெயருக்கு மாற்றினேன், அடுத்த லாகினிலேயே டெஸ்க்டாப் வந்துவிட்டது.

கேள்வி: சார், என்விடியா கார்டு. நேற்று அப்டேட் செய்தேன். இன்று கறுப்புத் திரையில் கோடு மட்டும் மினுக்குகிறது.

பதில்: கெர்னல் மாறியிருக்கும். என்விடியாவின் சொந்த டிரைவர் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகத் தயாராக வேண்டும். நிரூபித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கணினி எழும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தி, எதில் எழுவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவுக்குப் போய், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் திரை வந்தால் சந்தேகமே வேண்டாம். டிரைவரைத் தயாரிக்கத் தேவையான ஹெடர்ஸ் கோப்புகள் புதிய கெர்னலுக்கு நிறுவப்பட்டிருக்கின்றனவா, டிரைவரைத் தானே தயாரித்துக் கொடுக்கும் டிகேஎம்எஸ் பட்டியலில் அந்தக் கெர்னலின் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் இருந்தும் ஏறவில்லை என்றால் செக்யூர் பூட்டைச் சந்தேகப்படுங்கள். கணினி எழும்போது நம்பகமான மென்பொருளா என்று சோதிக்கும் பாதுகாப்பு அது. டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவர் மாட்யூலை அது உள்ளே விடாது. டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை வந்து அதையே திரும்பக் கேட்கும். பலர் அதை என்னவென்று தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே, கையொப்பச் சாவியைப் பதிவுசெய்யும் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: கறுப்புத் திரைக்கு நோமோட்செட் என்ற பூட் ஆப்ஷன் போட்டேன், திரை வந்துவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். அது உள்ளே நுழைய மட்டும். கிராபிக்ஸ் டிரைவரின் வேலையையே அது நிறுத்திவைக்கிறது, அதனால் ரெசல்யூஷன் குறையும், வீடியோ திணறும். கிரப்பில் இ விசை அழுத்திச் சேர்த்திருந்தால் அந்த ஒரு பூட்டோடு போய்விடும். உள்ளே வந்த கையோடு டிரைவரைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: புது கிராபிக்ஸ் கார்டு மாட்டினேன். மானிட்டரில் நோ சிக்னல்.

பதில்: கேபிள் இன்னும் மதர்போர்டு போர்ட்டிலேயே இருக்கிறதா? கார்டில் இருக்கும் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஐயா, டெபியனில் டெஸ்க்டாப்பைத் தொடங்க ஸ்டார்ட்எக்ஸ் கட்டளை கொடுத்தால் 'நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்' என்கிறது. மானிட்டர் போய்விட்டதா?

பதில்: மானிட்டரில்தானே அந்த வரியையே படித்தீர்கள் அம்மா, அது நன்றாக இருக்கிறது. திரையில் படம் வரையும் எக்ஸ்ஆர்க்கின் பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். சாதாரணப் பயனராக ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்திருந்தால் அது ஹோமில் லோக்கல் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும். இல்லையென்றால் வார் லாக் ஃபோல்டரில். அடைப்புக்குறிக்குள் ஆங்கில இ எழுத்து இரண்டு முறை வரும் வரிகள்தான் பிழைகள். 'நோ ஸ்கிரீன்ஸ்' கடைசி வரி, விளைவு மட்டுமே. முதலில் வரும் பிழை வரியைப் படியுங்கள்; காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய எக்ஸ்ஆர்க் கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் இப்போது இல்லாத டிரைவர் பெயர் எழுதியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றைய எக்ஸ்ஆர்க்குக்கு அந்தக் கோப்பே பெரும்பாலும் தேவையில்லை, தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அப்போதும் வராவிட்டால் அந்த முதல் பிழை வரியை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.