வலியே இல்லை, எதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44. ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை. ரத்ததானம் செய்யப் போன இடத்தில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. என் அண்ணன் கல்லீரல் புற்றுநோயில் இறந்துபோனார். சேலத்தில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். எனக்கோ ஒரு வலியும் இல்லை. கீழாநெல்லியும் சாப்பிட்டு வருகிறேன். ஒரே ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய் தெரிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, ஸ்கேனுக்குப் பதில் அதைச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் கூட இல்லை, ‘ஒரு வலியும் இல்லை’ என்ற வரிதான். கல்லீரலின் உள்ளே வலியை உணரும் நரம்புகள் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் உறையில்தான் உண்டு. அதனால் கட்டி பெரிதாகி அந்த உறையை இழுக்கும்வரை ஒன்றும் தெரியாது. மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம், எடை குறைவு என்று வரும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும்.

ஹெபடைடிஸ் பி இருக்கிறது, 40 வயதைத் தாண்டிய ஆண், கூடப்பிறந்தவருக்கே புற்றுநோய் வந்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் கல்லீரல் சுருங்காமலேயே (சிரோசிஸ் இல்லாமலேயே) கட்டி வரலாம். ஆறு மாதம் என்ற கணக்கும் சும்மா சொன்னதில்லை. இந்தக் கட்டிகள் பல, சராசரியாக ஐந்து மாதத்துக்குள் இரண்டு மடங்காகின்றன, ஒரு வருடம் விட்டுப் பார்த்தால் கைமீறிப் போயிருக்கும். ஷாங்காயில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களையும் நாள்பட்ட கல்லீரல் அழற்சி இருந்தவர்களையுமாக சுமார் 18,800 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி. (கல்லீரல் கட்டி இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். 2004-ல் வெளியான முடிவில், அந்தப் பிரிவில் கல்லீரல் புற்றுநோய் மரணங்கள் 37 சதவீதம் குறைந்திருந்தன.

அப்புறம் அந்த ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் கலந்திருக்கும் கட்டியின் மரபணுத் துணுக்குகளைத் தேடும் ஆய்வுகள் உண்மையாகவே நடக்கின்றன, எனக்கும் அவற்றில் நிறைய நம்பிக்கை உண்டு. ஆனால் அவை இன்னும் ஸ்கேனின் இடத்துக்கு வரவில்லை. இப்போதுள்ள ஏ.எஃப்.பி.யும் தனியாகப் போதாது, சின்னக் கட்டி இருக்கும்போதே அது நார்மல் என்று வருவதுண்டு. ஸ்கேன், ஏ.எஃப்.பி. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். ஸ்கேனில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால், படத்தில் கட்டி தெளிவாகத் தெரிய உதவும் மருந்து செலுத்தி சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். கட்டி அந்த மருந்தை வேகமாக வாங்கி வேகமாக வெளியேற்றும் விதத்திலேயே பெரும்பாலும் நோயை உறுதி செய்துவிடலாம், எல்லோருக்கும் ஊசி குத்தி சதை எடுக்கத் தேவையில்லை.

சீக்கிரம் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் தோல் வழியாக ஊசியைச் செலுத்தி வெப்பத்தாலேயே கட்டியைச் சுட்டு அழிக்கலாம், இல்லை வெட்டி எடுக்கலாம். ஒரே கட்டி ஐந்து சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று கட்டிவரை ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குள் என்றால் கல்லீரல் மாற்று அறுவையும் செய்யலாம் என்பது 1996-ல் மிலான் நகரில் வந்த அளவுகோல், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முற்றிய நிலைக்கும் இப்போது வழி இருக்கிறது. நெடுநாள் சோராஃபெனிப் மாத்திரை மட்டும்தான் இருந்தது, 2020-ல் அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசிகளைச் சேர்த்துக் கொடுத்தபோது நோயாளிகள் அந்த மாத்திரையைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தது உறுதியானது. ஆனால் அது ஆயுளை நீட்டும் சிகிச்சை. முழுக்கக் குணமாகும் வாய்ப்பு சின்னக் கட்டியில்தான் அதிகம், அதனால்தான் இத்தனை வற்புறுத்துகிறேன்.

கீழாநெல்லியை நான் கேலி செய்யமாட்டேன். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, லான்செட் மருத்துவ இதழிலேயே நல்ல முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டெனோஃபோவிர், என்டகாவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பி கல்லீரலே செயலிழக்கலாம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் புற்றுநோய் ஆபத்து குறையுமே தவிர முழுக்கப் போகாது, ஆகவே ஸ்கேன் தொடரட்டும். செலவுதான் தடை என்றால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் மருந்துகள் இலவசம்.

சாராயம், பீர் எதுவும் வேண்டாம். பூசணம் பிடித்த நிலக்கடலையைக் கழுவி வறுத்துச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு அது இரட்டை ஆபத்து. உங்கள் எஸ்டேட் காபியைத் தாராளமாகக் குடிக்கலாம். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வரும்போது தனியாக வராதீர்கள். மனைவி, பிள்ளைகள், இருக்கும் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வைரஸ் இல்லாமல், எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்களுக்கு மூன்று தவணை தடுப்பூசியை அன்றே ஆரம்பித்துவிடலாம்.