விபத்தில் இறந்த நண்பரின் நினைவாக எல்லோரும் சேர்ந்து சைக்கிள் பயணம் போக நினைக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

எங்கள் குழுவிலும் ஒருவரை இப்படி இழந்திருக்கிறோம். பின்னால் வந்த வண்டி இடித்து, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. அவருக்காக நாங்கள் நடத்திய பயணத்தின் ஏற்பாடுகளில் நானும் இருந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் குடும்பத்தைப் போய்ப் பாருங்கள். தேதி, பாதை, பேனர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். நமக்கு அவர் கூடவே ஓட்டிய ஆள். அந்த வீட்டில் உள்ளவர்களுக்கோ, காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. "அவருக்கு உயிரே சைக்கிள்தான்" என்று மேடையில் ஒருவர் பேசினால் அது அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசிக்க வேண்டும். எங்கள் நண்பரின் மனைவி, "தாராளமா நடத்துங்க. ஆனா அந்த ரோடு வழியா என்னால வர முடியாது" என்றார். உடனே பாதையை மாற்றினோம். விபத்து நடந்த இடத்தில் பூ வைக்க நினைத்தவர்கள் வேறொரு நாள் தனியாகப் போய் வந்தார்கள்.

தேதியும் அப்படித்தான். இறந்த நாள் வீட்டோடு இருக்கட்டும் என்று அவர்கள் நினைக்கலாம். அப்படியானால் நவம்பர் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு இருக்கிறது. சாலை விபத்தில் பலியானவர்களை நினைவுகூரும் உலக நாளாக ஐ.நா. பொதுச் சபை 2005-இல் அதை ஏற்றுக்கொண்டது.

பயணத்தை எப்படி ஓட்டுவது என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2003-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், பேருந்தின் பக்கக் கண்ணாடி மோதி இறந்த ஒருவருக்காக 'ரைடு ஆஃப் சைலன்ஸ்' என்ற மௌன சைக்கிள் பயணம் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் மே மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை மாலை நடக்கிறது. யாரும் பேசக் கூடாது, ஹெல்மெட் போட வேண்டும், சாலை விதிகளை மீறக் கூடாது, வேகம் மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இறந்தவர்களுக்காகக் கையில் கருப்புப் பட்டை கட்டுவார்கள். தாங்களும் வண்டி மோதிக் காயம்பட்டுப் பிழைத்தவர்கள் சிவப்புப் பட்டை கட்டுவார்கள்.

என்னைக் கேட்டால் 19 கூட அதிகம். இந்தப் பயணத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சைக்கிளைத் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும். அண்ணன் வருவார், அலுவலக நண்பர்கள் வருவார்கள், பள்ளியில் கூடப் படித்தவர் யாரிடமோ சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு வருவார். 12 கிலோமீட்டர் வேகமும் மொத்தம் எட்டு, பத்து கிலோமீட்டர் தூரமும் போதும். கூட்டமாக ஓட்டும்போது வரிசை ரப்பர் மாதிரி இழுபடும். முன்னால் போகிறவர் லேசாக வேகம் கூட்டினாலே கடைசியில் இருப்பவர் மூச்சு வாங்க விரட்ட வேண்டியிருக்கும். முன்னால் லேசாக பிரேக் பிடித்தால் பின்னால் முட்டிக்கொள்வார்கள். அதனால் வழிகாட்டிக்கு அடுத்தபடியாகப் பழக்கமில்லாதவர்களை விடுங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் பின்னால் வரட்டும். கடைசி ஆளுக்குப் பின்னால், பம்ப்பும் பஞ்சர் கிட்டும் வைத்திருக்கும் ஒருவர் கட்டாயம் வேண்டும். சிக்னலில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் பிரியட்டும், முன்னால் போனவர்கள் ஓரமாக நின்று காத்திருக்கலாம். சிவப்பு விளக்கில் சேர்ந்தே கடக்கிறோம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. காவல் துறையிடம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பேசக் கூடாது என்பதால் குழி, திருப்பம், நிறுத்தம் எல்லாவற்றுக்கும் கை ஜாடைதான். புறப்படும் முன் எல்லோருக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள். ஆபத்து என்றால் மட்டும் கத்தலாம், அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அத்தனை பேர் பேசாமல் போவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இறக்கத்தில் எல்லோரும் மிதிப்பதை நிறுத்தியதும் எல்லாப் பின்சக்கரங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் அந்த டிக்டிக் சத்தம் எழுந்தது. ஒருவர் அழுதுகொண்டே ஓட்டினார். யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. மௌனம் அதற்கு இடம் கொடுத்தது.

நண்பரின் இன்னொரு சைக்கிளை அவர் தம்பி ஓட்டினார். தம்பி குள்ளம், கால் எட்டவில்லை. சீட்டை இறக்கத்தான் வேண்டும். எங்களில் ஒருவர் சீட்டின் போல்ட்டைத் தளர்த்த ஆலன் கீயை எடுத்தவர், சற்று யோசித்துவிட்டு, முதலில் சீட் பைப்பில் பழைய உயரம் தெரியும்படி கருப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம்தான் இறக்கினார். இறந்த நண்பர் சீட் உயரத்தை அரை சென்டிமீட்டர் விடாமல் பார்ப்பவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பயணம் முடிந்ததும் டேப் இருந்த இடத்துக்கே சீட்டை ஏற்றித்தான் வீட்டில் ஒப்படைத்தோம்.

விபத்து நடந்த இடத்தில் வெள்ளை அடித்த சைக்கிளை நிறுத்தும் வழக்கமும் 2003-இல் அமெரிக்காவில்தான் தொடங்கியது, செயின்ட் லூயிஸ் நகரில். செய்வதாக இருந்தால் குடும்பத்தின் சம்மதத்தோடு, சாலையைப் பராமரிக்கும் துறையிடம் அனுமதி வாங்கி, நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வையுங்கள். செயின், கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் திருட்டுப் போகும் வாய்ப்பு குறையும். வருடா வருடம் யார் பெயின்ட் அடிப்பது என்பதை வைக்கும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். துருப்பிடித்துச் சாய்ந்து கிடப்பதைக் குடும்பம் பார்க்க நேர்வதைவிட, வைக்காமலே இருக்கலாம்.

இன்னொன்று. வழக்கு நடந்துகொண்டிருந்தால், இடித்தவரைப் பற்றி மேடையில் யாரும் பேச வேண்டாம். கோபம் நியாயம்தான், எனக்கும் இருந்தது. ஆனால் அங்கே உதிர்க்கும் ஒரு வார்த்தை குடும்பத்துக்குத் தொல்லையாகத் திரும்பி வரலாம். அவர்களுடைய வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விபத்துப் படங்களை எந்த அழைப்பிலும் போடாதீர்கள். அடுத்த வருடமும் நடத்துவோம் என்று அன்றே அறிவிக்கவும் வேண்டாம். சில மாதம் கழித்து மறுபடி வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.