ஹனாபியில் 15 புள்ளியைத் தாண்ட முடியவில்லை, எங்கே தப்பு?

டர்பனில் இருக்கிறோம், வீட்டில் நாலு பேர், எல்லோரும் துனி (இருவர் இருவராக அணி சேர்ந்து ஆடும் சீட்டாட்டம்) ஆடிப் பழகியவர்கள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். தப்பு அங்கேயே தொடங்குகிறது. துனியில் எதிரே இருக்கும் கூட்டாளிக்குக் கண்ணைக் காட்டினால் சண்டைதான். ஹனாபியோ எல்லோரும் ஒரே அணியாக ஆடும் சீட்டாட்டம், அதில் துப்புச் சொல்வதே ஆட்டம். ஆனால் அளந்து சொல்ல வேண்டும்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 சீட்டு, 5 நிறம். ஒவ்வொரு நிறத்தையும் 1 முதல் 5 வரை வரிசையாக இறக்க வேண்டும், சரியாக இறக்கிய சீட்டுக்கு ஒரு புள்ளி, மொத்தம் 25. ஒவ்வொரு நிறத்திலும் 1 மூன்று, 2, 3, 4 இரண்டிரண்டு, 5 ஒன்றே ஒன்று. நாலு பேர் என்றால் ஆளுக்கு 4 சீட்டு, முகம் மற்றவர்கள் பக்கம். உங்கள் கையை நீங்கள் பார்க்கக் கூடாது. உங்கள் முறையில் ஒரு வில்லை (துப்புக்கான பொதுக் காசு) கொடுத்துத் துப்புச் சொல்லலாம், ஒரு சீட்டைக் கழித்து வில்லையை மீட்கலாம், அல்லது சீட்டை இறக்கலாம். வில்லை மொத்தம் 8. எட்டும் கையில் இருக்கும்போது கழிக்க முடியாது. வரிசை தப்பி இறக்கினால் ஒரு திரி (உயிர் மாதிரி) போகும், மூன்றாவது திரியோடு ஆட்டம் முடிந்தது. துப்பு ஒரு நிறமோ ஒரு எண்ணோ மட்டும். சிவப்பு என்றால் அந்தக் கையிலுள்ள சிவப்பு எல்லாவற்றையும் தொட்டுக் காட்ட வேண்டும், ஒன்றை விட்டுவிடக் கூடாது.

பாதிப் பேர் கோட்டைவிடுவது கழிப்பதில்தான். நாலு பேர் ஆட்டத்தில் 16 சீட்டு கையில் போக, சீட்டுக்கட்டில் மீதி 34. கட்டு தீர்ந்ததும் வரும் கடைசிச் சுற்றின் 4 முறையையும் சேர்த்தால் இறக்கவும் கழிக்கவும் அதிகபட்சம் 38 வாய்ப்பு. அதில் 25 இறக்க வேண்டும். ஆக, கழித்ததும் தப்பாக இறக்கியதும் சேர்ந்து 13ஐத் தாண்டினால் 25 கனவுதான். ஐந்து பேர் என்றால் இது 10. ஒரு 5ஐக் கழித்தாலோ, அந்த நிறம் 4உடன் நின்றுவிடும்.

ஆகவே ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சீட்டை எப்போதும் இடது ஓரத்தில் செருகுங்கள். கழிக்க நேர்ந்தால் துப்புப் படாததில் வலது ஓரத்தில் இருக்கும் பழசு போகட்டும். அந்த இடத்தில் 5 நிற்பதைக் கண்டால், அதைக் காப்பாற்றுவதுதான் மற்றவர்களின் முதல் வேலை. "பேசி வைத்து ஆடினால் அது ஆட்டமா?" என்று கீழே சிலர் வருவார்கள். முன்கூட்டிப் பேசுவது வேறு, நடுவில் புருவத்தைத் தூக்குவது வேறு.

ஆரம்பத்தில் "இந்த மூன்றும் 1" என்பது கவர்ச்சியான துப்பு. அதில் இரண்டு ஒரே நிறமாக இருந்தால் இரண்டாவதை இறக்கும்போது திரி போகும். அப்படிப்பட்ட கைக்கு நிறத்தைச் சொல்வதே மேல்.

ஹனாபி என்றால் ஜப்பானிய மொழியில் வாணவேடிக்கை. நம் ஊரில் தீபாவளிக்கு நிஜ வாணம் விட்டால் நாய் பயப்படுகிறது என்று வருஷா வருஷம் புகார். புத்தாண்டு இரவில் வெடித்தால் மட்டும் அந்த நாய்களுக்குக் காது கேட்காது போலிருக்கிறது. சரி, விடுங்கள்.

ஒரு நிறம் 5ஐத் தொட்டால் ஒரு வில்லை இலவசமாகத் திரும்பும். எட்டும் ஏற்கெனவே இருந்தால் அந்த இலவசம் வீண், அதனால் அதற்கு முன் ஒரு துப்பைச் செலவழித்துவிடுங்கள். கட்டின் கடைசிச் சீட்டை எடுத்ததும், எடுத்தவர் உட்பட ஆளுக்கு ஒரே ஒரு முறைதான். இறக்க வேண்டிய சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் துப்பு அதற்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கட்டில் நாலைந்து சீட்டு மிஞ்சும்போதே இரண்டு வில்லையாவது மிச்சம் பிடியுங்கள்.