எடை மெதுவாக ஏறும் தாய்ப்பால் குழந்தை: பவுடர் டப்பாவுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் குலசேகரம். கருங்கல் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். முதல் குழந்தை, பெண். பிறந்தபோது 2.8 கிலோ. அம்மா வீட்டில் இருந்தபோது ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனோம், 4 கிலோ இருந்தாள். அதன்பின் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டோம். பத்தாவது வாரத் தடுப்பூசியின்போது இங்கே எடை போட்டால் 4.4 கிலோதான். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, பக்கத்துக்குப் பத்து நிமிடம். இரவு பத்து மணிக்குத் தூங்கினால் காலை ஐந்து மணிக்குத்தான் எழுகிறாள். இடையில் சிணுங்கினால் ரப்பர் நிப்பிள் வைப்போம். நன்றாகச் சிரிக்கிறாள். சிறுநீர் நாளுக்கு ஐந்து தடவை இருக்கும், மலம் மூன்று நாளுக்கு ஒரு முறை. பால் தண்ணீராக இருக்கிறது, ஏத்தன்காய்ப் (நேந்திரங்காய்ப்) பொடி காய்ச்சிக் கொடு என்கிறார் மாமியார். மருந்துக்கடையில் பால் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். அதற்காக, சிரிக்கிறாளே என்று நினைத்து அடுத்த தடுப்பூசி வரை விட்டுவிடவும் கூடாது. இந்த வாரமே கவனிக்க வேண்டிய விஷயம் இது.

நீங்கள் எழுதிய மூன்று எடைகளும் நிறையச் சொல்கின்றன. முதல் ஆறு வாரத்தில் 1,200 கிராம் ஏறியிருக்கிறாள். நாளுக்கு ஏறத்தாழ 28 கிராம். முதல் மூன்று மாதம் ஒரு குழந்தை நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும் என்பது கணக்கு. உங்கள் மகள் அதன் மேல்பக்கத்தில் இருந்திருக்கிறாள். அடுத்த நான்கு வாரத்தில் 400 கிராம், அதாவது நாளுக்கு 14. சரிபாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு ஊரில் இரண்டு தராசு என்பதையும் நான் மறக்கவில்லை. கருங்கல் தராசு 100 கிராம் குறைத்துக் காட்டியிருந்தால்கூட நாளுக்கு 18 கிராம்தான் வருகிறது. ஆகவே பழியைத் தராசின் மேல் போட முடியாது.

4.4 கிலோ என்ற எண்ணைக் கண்டு மட்டும் பயப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு மாதம் நிறைந்த பெண் குழந்தையின் சராசரி 5.1 கிலோ, 3.9 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு. 2006-இல் வெளியான அந்த அட்டவணை, டெல்லிக் குழந்தைகள் உட்பட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவானது. அதனால், அதெல்லாம் வெளிநாட்டுப் பவுடர்பால் குழந்தைகளுக்கான கணக்கு என்று யாராவது ஆறுதல் சொன்னால் ஏற்க வேண்டாம். அடுத்த வீட்டுக் குழந்தை ஆறு கிலோ என்பதும் நமக்கு வேண்டாத செய்தி. தன் கோட்டிலேயே போய்க்கொண்டிருந்த குழந்தை அதைவிட்டுக் கீழே சரிகிறது, இதுதான் கவலைக்குரியது. தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் உள்ள வரைபடத்தில் மூன்று புள்ளிகளையும் வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள், உங்கள் கண்ணுக்கே தெரியும்.

ஆறு வாரம் நன்றாகச் சுரந்த மார்பு ஏழாவது வாரத்தில் காரணமில்லாமல் வற்றாது. வீடு மாறிய பிறகு என்ன மாறியது என்றுதான் நான் கேட்பேன். அதற்கான பதிலும் உங்கள் கேள்விக்குள்ளேயே இருப்பதாக நினைக்கிறேன். அம்மா வீட்டில் அழுதபோதெல்லாம் கொடுத்திருப்பீர்கள். இப்போது கடிகாரம் வந்துவிட்டது. காலை ஐந்து முதல் இரவு பத்து வரை மூன்று மணிக்கு ஒரு முறை என்றால் ஆறேழு வேளைதான். இந்த வயதுக்கு நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வேளை வேண்டும். பிரசவத்தை ஒட்டிய நாட்களில் ஹார்மோன்களின் வேகத்திலேயே பால் சுரக்கும். போகப் போக, குழந்தை எவ்வளவு எடுக்கிறதோ அதைப் பொறுத்தே சுரப்பு அமையும். மார்பில் பால் தங்கிக்கிடந்தால், போதும் என்று உடம்பு தானாகவே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அந்த நேரத்தில் ஏழு மணி நேரம் இடைவெளி விட்டால் பகலிலும் பால் குறையும். இரவு முழுக்கத் தூங்கும் குழந்தை வரம்தான். எடை ஏறாதபோது மட்டும் அந்த வரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும்.

ரப்பர் நிப்பிளை இன்றே எடுத்துவிடுங்கள். கையைச் சப்புவது, தலையைத் திருப்பி மார்பைத் தேடுவது, சிணுங்குவது எல்லாம் பசியின் அறிகுறிகள். அந்த நேரத்தில் நிப்பிளைக் கொடுத்தால் ஒரு வேளைப் பால் போய்விடுகிறது.

அடுத்த வேளை பால் கொடுக்கும்போது கைப்பேசியைத் தள்ளிவைத்துவிட்டு அவள் தாடையை மட்டும் பாருங்கள். தொடக்கத்தில் வேகவேகமாகச் சப்புவாள். அது பாலை வரவழைக்க. ஒரு நிமிடத்துக்குள் பால் இறங்கியதும் வேகம் குறைந்து, தாடை ஆழமாகக் கீழே போகும், ஒரு கணம் நிற்கும், பிறகு மெல்லிய விழுங்கும் சத்தம் கேட்கும். இப்படி ஓரிரு சப்புக்கு ஒரு விழுங்கல் என்று சில நிமிடங்களாவது ஓட வேண்டும். கன்னம் குழி விழாமல் உப்பியிருக்க வேண்டும். மோவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, காம்பைச் சுற்றிய கறுப்புப் பகுதி அவள் மேலுதட்டுக்கு மேலேதான் அதிகம் தெரிய வேண்டும். டிக் டிக் என்று நாக்கு விடுபடும் சத்தம் வந்தாலோ, காம்பு லிப்ஸ்டிக் முனைபோல் நசுங்கி வெளியே வந்தாலோ, வலித்தாலோ பிடி சரியில்லை. சுண்டுவிரலைக் கடைவாய் ஓரமாக விட்டு எடுத்துவிட்டு, வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து மறுபடி வையுங்கள். எத்தனை முறை சரிசெய்தும் இப்படியே இருந்தால் நாக்கின் அடியில் உள்ள தசைநார் இறுக்கமாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தில் தொடக்கத்தில் வரும் பால் நீர்த்திருக்கும், நீல நிறம் காட்டும். உங்கள் மாமியார் பார்த்தது அதைத்தான். மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடிக்கொண்டே வரும். பத்தாவது நிமிடத்தில் இழுத்துப் பக்கம் மாற்றினால் அந்தக் கொழுப்பை அவள் முழுதாகப் பெறாமல் போகலாம். விழுங்கல் குறைந்து சும்மா சப்பத் தொடங்கும்போது மார்பைக் கையால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள், மறுபடி விழுங்குவாள். அதற்கும் அசையாவிட்டால் மறுபக்கம். அரைத் தூக்கத்தில் இருந்தால் சட்டையைக் கழற்றி உங்கள் தோலோடு அணைத்துக்கொள்ளுங்கள், உள்ளங்காலைத் தேய்த்துவிடுங்கள்.

ஒரு வாரத்துக்கு இப்படிச் செய்யுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது, இரவில் இரண்டு முறை எழுப்பியாவது கொடுங்கள். காலையில் முதல் இரண்டு மூன்று வேளை முடிந்ததும் மிச்சமிருப்பதைக் கையால் கறந்து, கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) கொடுங்கள். கட்டைவிரலும் மற்ற விரல்களும் கறுப்புப் பகுதியின் ஓரத்தில் இருக்க வேண்டும். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்க வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. முதல் நாள் நாலைந்து ஸ்பூன்தான் வரும். அதுவே அவளுக்கு லாபம், சுரப்புக்கும் லாபம். பாட்டில் வேண்டாம். கறந்த பால் அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

எடையை வாரம் ஒரு முறை மட்டும் பாருங்கள். ஒரே தராசு, துணியில்லாமல், பால் குடிக்கும் முன். தினமும் பார்த்தால் நிம்மதி கெடுமே தவிர உண்மை தெரியாது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாளில் கிராம சுகாதாரச் செவிலியர் இருப்பார். அவர் முன்னாலேயே ஒரு வேளை பால் கொடுத்துக் காட்டுங்கள். ஏழு நாளில் 150 கிராமுக்கு மேல் ஏறினால் சரியான வழியில் இருக்கிறோம். சிறுநீரும் ஆறு தடவைக்கு மேல் போக வேண்டும். தாய்ப்பால் குழந்தை ஆறு வாரத்துக்குப் பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை மலம் கழிப்பது மட்டுமே என்றால் கவலையில்லை. எடையும் சிறுநீரும் குறையும்போது அது பசியின் இன்னொரு அடையாளமாகவும் இருக்கலாம்.

ஏத்தன்காய்ப் பொடியைப் பற்றி உங்கள் மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் பேத்தியின் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இந்த வயதில் போதுமான அளவு இல்லை. கூழ் வயிற்றை நிரப்பும், அந்த அளவுக்குப் பால் குடிப்பது குறையும். ஆறு மாதம் முடிந்ததும் தாராளமாகக் கொடுக்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்தை மசித்து ஊட்டும் வேலையை அப்போது அவரிடமே விட்டுவிடுங்கள். வெக்கைக்காகத் தண்ணீர், கிரைப் வாட்டர், தேன், உரை மருந்து எதுவும் இப்போது வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். தேன் ஒரு வயது வரை ஆபத்து.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? பச்சை உடம்பு என்று தண்ணீரையும் பழத்தையும் நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்குங்கள். சம்பா அரிசிச் சோறு, சாளைக் குழம்பு, கீரை, முட்டை, வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாக. பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள். பால்சுறாப் புட்டு நல்ல உணவு, சாப்பிடுங்கள். ஆனால் பால் எடுக்கப்படாமல் எந்தப் புட்டும் சுரப்பைக் கூட்டாது. இன்னொன்றையும் கேட்க வேண்டும், பெரும்பாலோர் தாமாகச் சொல்வதில்லை. இந்த மாதத்தில் கருத்தடை மாத்திரை தொடங்கினீர்களா? ஈஸ்ட்ரோஜன் கலந்த மாலா-என், மாலா-டி போன்றவை பாலைக் குறைக்கலாம். முதல் ஆறு மாதம் அவை உங்களுக்கு ஏற்றவை அல்ல. காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை ஆகியவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இவற்றோடு, இந்த வாரத்திலேயே ஒரு குழந்தை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். தக்கலை அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்; ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலும் பார்க்கலாம். இதயத்தைக் கேட்பார்கள், சிறுநீரில் கிருமித் தொற்றும், தைராய்டும் பரிசோதிக்கச் சொல்லலாம். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, விட்டுவிட்டுக் குடிக்கிறாளா என்று கவனித்துச் சொல்லுங்கள். இதயக் கோளாறு பல நேரங்களில் இப்படித்தான் முதலில் தெரியவரும். எழுப்ப முடியாத தூக்கம், குடிக்க மறுப்பது, காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, பச்சை நிற வாந்தி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் புதன்கிழமை வரை காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

ஒரு வாரம் இத்தனையும் செய்தபின் எடை 100 கிராம்கூட ஏறவில்லை என்றால், மருத்துவர் சொல்லும் அளவில் பவுடர்பால் கூடுதலாகக் கொடுக்கத்தான் வேண்டும். அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. குழந்தை பசியோடு இருக்கக் கூடாது. அப்போதும் முதலில் மார்பு, பிறகு பாலாடை என்ற வரிசையை மாற்றாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவைவிடத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். எடை தன் கோட்டுக்குத் திரும்பியதும் அந்தக் கூடுதல் பாலைப் படிப்படியாகக் குறைக்க முடியும்.