பட்டா அண்ணன் பெயரில், வீடு யாருக்கு?

கேள்வி: நாங்கள் இந்துக் குடும்பம். என் தந்தை, நூற்பாலையில் வேலை பார்த்த சம்பளத்தில் 1978-இல் மனை வாங்கி வீடு கட்டினார். உயில் எழுதாமல் 2009-இல் காலமானார். அம்மா இன்றும் அந்த வீட்டின் முன்னறையில்தான் இருக்கிறார். எனக்கு 1985-இல் திருமணம் ஆயிற்று. இப்போது வீட்டை விற்க ஆள் பார்க்கும் அண்ணன், பட்டா தன் பெயருக்கு மாறிவிட்டது, நான் நகையும் சீரும் வாங்கிக்கொண்டு போனவள், பன்னிரண்டு ஆண்டு கடந்துவிட்டது என்கிறார். எனக்குப் பங்கு உண்டா?
– வாசகி, மேலூர்

பதில்: நிச்சயமாக உண்டு. இது உங்கள் தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்து. உயில் எழுதாமல் அவர் இறந்த அன்றே, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் அது சேர்ந்துவிட்டது. அன்று தந்தையின் தாயார் உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் சமபங்கு உண்டு, அப்போது ஒவ்வொருவருக்கும் கால் பங்கு. இத்தகைய வழக்குகளில் பலரும் மறந்துவிடுவது இந்தப் பாட்டியைத்தான்.

பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. உரிமையை அது உருவாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. நீங்களும் அம்மாவும் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்திலோ பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே கதை வேறு. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியதாக எதுவும் நினைவிருந்தால் அதை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

திருமணம் பற்றிய வாதம் அரைகுறையாகக் கேட்டறிந்தது. தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம், 25.3.1989-க்கு முன் மணமான மகள்களை விலக்கியது உண்மை. ஆனால் அது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து பற்றியது. அதிலும்கூட 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற பேதத்தை நீக்கிவிட்டது. சுயசம்பாத்தியத்தில் மகளின் பங்குக்கு இந்தத் தேதிகள் எதுவும் குறுக்கே நிற்பதில்லை. போட்ட நகைக்கு ஈடாகப் பங்கைக் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமும் இல்லை.

பன்னிரண்டு ஆண்டு தானே அனுபவித்துவிட்டதால் வீடு முழுதும் தனக்கே என்ற வாதம்தான் சற்று நுட்பமானது. கூட்டுரிமையாளர் ஒருவர் வீட்டில் குடியிருந்தால், அவர் மற்றவர்களுக்காகவும் சேர்த்தே அதை அனுபவிப்பதாகச் சட்டம் கொள்கிறது. 'உனக்கு இதில் பாத்தியதையே இல்லை' என்று வெளிப்படையாக மறுத்து, உங்களுக்குத் தெரியும்படி விலக்கிவைத்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடும். அம்மா முன்னறையில் இருக்கும் வீட்டில் அதை நிரூபிப்பது அண்ணனுக்கு எளிதல்ல.

இப்போதே வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அண்ணன் விற்றாலும் அவர் பங்கு மட்டுமே வாங்குபவருக்குப் போகும். பிரிக்கப்படாத குடும்ப வீடு என்பதால், வாங்கும் வெளியாள் உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்க முடியாது என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. ஆனாலும் விற்ற பிறகு அலைவதைவிட, பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை கேட்பது நல்லது. வழக்கு நடக்கும்போது விற்றால், வாங்குபவரும் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே.

கேள்வி: முத்திரைத்தாளில் கிரைய ஒப்பந்தம் எழுதி, முழுப் பணமும் கொடுத்து மனை வாங்கினேன். கிரையப் பத்திரம் எழுதித்தர மறுக்கிறார்கள். மனை என்னுடையதுதானே?
– வாசகர், கரூர்

பதில்: இல்லை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரையம், பதிவு செய்த பத்திரத்தால்தான் நிறைவேறும். ஒப்பந்தம், கிரையம் எழுதித்தரும்படி கேட்கும் உரிமையை மட்டுமே தருகிறது. ஒப்பந்தத்தில் கெடு குறித்திருந்தால் அந்த நாளிலிருந்தும், குறிக்காவிட்டால் அவர்கள் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்தும் மூன்று ஆண்டுகளுக்குள், ஒப்பந்தத்தை நிறைவேற்றித்தரக் கோரி வழக்குப் போட வேண்டும். உங்கள் கடிதத்தில் ஒப்பந்தத் தேதியே இல்லை. முதலில் அந்தத் தாளை எடுத்து, கெடு எது என்று பாருங்கள். பணம் கொடுத்ததற்கு வங்கிக் கணக்கில் சான்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு இந்த வாரமே வழக்கறிஞரைச் சந்தியுங்கள்.