ஐடா சிறுகோள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ஐடா எங்கே இருக்கிறது?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள சிறுகோள் பட்டையின் வெளிப்பகுதியில், சூரியனிலிருந்து சராசரியாக 43 கோடி கிலோமீட்டர் தொலைவில். சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள கோணல்மாணலான பாறை; எஸ் வகை எனப்படும் கல் சிறுகோள்களில் ஒன்று. தன்னைத்தானே சுற்ற 4 மணி 38 நிமிடம், சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 4.8 ஆண்டு.

கேள்வி: பூமியில் மோதுமா?

மோதாது. பூமிக்கு 25 கோடி கிலோமீட்டரைவிட அருகில் அது வருவதே இல்லை.

கேள்வி: இவ்வளவு சிறிய பாறைக்கு நிலா இருப்பது உண்மையா?

உண்மை. எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுவே. வியாழனுக்குப் போய்க்கொண்டிருந்த கலிலியோ விண்கலம் 1993 ஆகஸ்ட் 28 அன்று ஐடாவைச் சுமார் 2,400 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. அதன் பெரிய ஆன்டெனா முழுதாக விரியாமல் சிக்கிக்கொண்டிருந்ததால், சிறிய ஆன்டெனா வழியாகப் படங்கள் சொட்டுச் சொட்டாகத்தான் பூமிக்கு வந்தன. மீதிப் படங்கள் விண்கலத்தின் பதிவு நாடாவிலேயே காத்திருந்தன. 1994 பிப்ரவரி 17 அன்று கலிலியோ குழுவைச் சேர்ந்த ஆன் ஹார்ச் ஒரு படத்தில் ஐடாவுக்குப் பக்கத்தில் சிறு புள்ளி ஒன்றைக் கண்டார். ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுள்ள அந்த நிலாவுக்கு டாக்டைல் என்று பெயரிட்டார்கள். சிறுகோள் ஒன்றுக்கு நிலா உண்டு என்பது முதன்முதலில் உறுதியானது இப்படித்தான். டாக்டைல் சுற்றும் விதத்தை வைத்தே ஐடாவை எடை போட்டார்கள். அடர்த்தி நீரைப்போல 2.6 மடங்கு என்று தெரிந்தது. பூமியில் விழும் சாதாரண கல் விண்கற்களும் ஐடாவும் ஒரே பொருள் என்று கருதுகிறோம்; ஆனால் அவற்றின் அடர்த்தி இதைவிட அதிகம். ஆகவே ஐடாவின் உள்ளே வெற்றிடங்கள் இருக்க வேண்டும்.

கேள்வி: ஐடாவின் துண்டு என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். ஐடாவிலிருந்து வந்தது என்று எந்தக் கல்லையும் இதுவரை யாரும் நிறுவியதில்லை. காந்தம் ஒட்டுகிறதே என்று நம்பவும் வேண்டாம். இரும்பு ஆலைக் கசடும் ஒட்டும்.

கேள்வி: ஐடா என் ராசியை எப்படிப் பாதிக்கும்?

இது என் துறை அல்ல.

கேள்வி (இயற்பியல் ஆசிரியை): ஐடா எஸ் வகைக் கல் சிறுகோள் என்கிறீர்கள். அந்த வகையின் நிறமாலை, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்தால் கிடைப்பது, சிவப்புப் பக்கம் சாய்ந்தது. சாதாரண கல் விண்கற்களோ சாம்பல் நிறம். இரண்டும் ஒரே பொருள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அருமையான கேள்வி. ஆய்வாளர்களே பல பத்தாண்டுகள் இதற்காகச் சண்டையிட்டார்கள். ஐடாவின் படங்களிலேயே விடைக்கான தடயம் உண்டு: புதிய பள்ளங்களைச் சுற்றியுள்ள இடங்கள் பழைய தரையைவிடச் சிவப்பு குறைந்தவை. சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களான சூரியக் காற்றும் நுண்துகள் மோதல்களும் பாறைத் துகள்களின் மேல் மிக நுண்ணிய இரும்பைப் படியவைத்து மேற்பரப்பைச் சிவக்கச் செய்கின்றன. வெயில்பட்ட மரப்பலகையைச் சீவினால் உள்ளே வேறு நிறம் தெரிவதைப்போல.

மறுகேள்வி (அதே ஆசிரியை): அது ஊகம்தானே? கையில் மண் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் ஐடாவின் மண் அல்ல. எஸ் வகையைச் சேர்ந்த இட்டோகாவா என்ற சிறுகோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010இல் துகள்களைக் கொண்டுவந்தது. அவை சாதாரண கல் விண்கற்களோடு பொருந்தின. துகள்களின் விளிம்பில் அந்த நுண்ணிரும்பும் இருந்தது. ஐடாவும் அப்படியே என்று கறாராகச் சொல்ல அங்கிருந்தே துகள் வர வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிவப்பைக் காட்டி உறவை மறுக்கும் வாதம் இனி நிற்காது.

கேள்வி: பூமியை நோக்கி வருகிறதாமே?

மேலே இரண்டாம் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது.

கேள்வி: வீட்டில் கிடக்கும் கருங்கல்லில் காந்தம் ஒட்டுகிறது. விண்கல்லா?

ஒட்டுவது சான்றாகாது. அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில் காட்டுங்கள்.

கேள்வி: நம் ஊரிலிருந்து சிறுகோள் கண்டுபிடித்திருக்கிறார்களா?

ஆம். 1861இல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டதற்கு ஏசியா என்று பெயர். அதுவும் கல் வகைதான். ஆனால் பட்டையின் உட்புறத்தில் சுற்றுகிறது.

கேள்வி (பள்ளி மாணவர்): ஐடாவை நான் பார்க்க முடியுமா?

வெறும் கண்ணுக்குத் தெரியாது. பெரிய தொலைநோக்கியிலும் மங்கிய புள்ளிதான். ஒரே வானப்பகுதியை அடுத்தடுத்த இரவுகளில் படமெடுத்து ஒப்பிடு; இடம் மாறிய புள்ளியைத் தேடு. 1884 செப்டம்பர் 29 அன்று வியன்னாவில் வானியலாளர் யோகன் பலீசா ஐடாவைக் கண்டுபிடித்தபோது அவரிடம் இருந்தவை தொலைநோக்கியும் விண்மீன் வரைபடமும் தம் கண்களும்தான்.